முன்னூற்று எண்பத்தாறு

எங்கள் வேலையில் யாரும் அலகைச் சொல்வதில்லை. எண்ணை மட்டும் சொல்வோம்.

கொள்ளிடக் கரையில் உள்ள நீரேற்று நிலையம் ஒன்றில் குடிநீருக்கு எவ்வளவு குளோரின் கலக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது என் வேலை. இருபத்திரண்டு வருடங்களாக இதே வேலைதான். காலையில் நான் உள்ளே நுழைந்ததும் மருந்துத் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர் கேட்பார்:

"இன்னிக்கு எவ்வளவு மேடம்?"

"ரெண்டு."

அவ்வளவுதான் எங்கள் பேச்சு. அவர் மலைக்கோட்டைப் பக்கத்து ஆள். எங்கள் எல்லோருக்கும் அவர் பாய். இரண்டு என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மில்லிகிராம் என்று அவருக்குத் தெரியும். தண்ணீர்த் தொட்டி பத்து லட்சம் லிட்டர் பிடிக்கும், ஆகவே இரண்டு கிலோ குளோரின் வேண்டும், பிளீச்சிங் பவுடரில் மூன்றில் ஒரு பங்குதான் குளோரின் என்பதால் ஆறு கிலோ பவுடர் கரைக்க வேண்டும் என்பதும் தெரியும். மத்தியானம் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து மிச்சக் குளோரினைச் சோதித்துவிட்டு வரும் பெண், "பாயிண்ட் டூ மேடம்" என்பாள். லிட்டருக்கு என்றோ மில்லிகிராம் என்றோ அவள் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

மில்லிகிராமைக் கண்ணால் பார்க்க முடியாது. பத்து லட்சம் லிட்டர் தொட்டியையோ அரை கிலோமீட்டர் தள்ளி நின்றாலும் பார்க்கலாம். ஆனால் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம், கன மீட்டருக்கு இத்தனை கிராம், பத்து லட்சம் லிட்டருக்கு இத்தனை கிலோ என்று எப்படிச் சொன்னாலும் நடுவில் நிற்கும் எண் ஒன்றுதான். எடையை எத்தனை மடங்கு பெரிதாக்குகிறோமோ அத்தனை மடங்கு கொள்ளளவையும் பெரிதாக்கினால் எண் அசையாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுவார்கள். கிராமைக் கிலோவாக மாற்றிவிட்டு லிட்டரை அப்படியே விட்டுவிடுவார்கள். "மேல மாத்தினா கீழயும் மாத்தணும்பா" என்று நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் சொல்லப்போவது எனக்குப் பெருமை தரும் விஷயம் இல்லை.

காணும் பொங்கல் அன்று என் மகள் சிநேகிதிகளோடு முக்கொம்புக்குப் போனாள். திரும்பி வரும்போது ஜீயபுரம் தாண்டி வண்டி சறுக்கியது. இடது கணுக்காலுக்கு மேலே எலும்பில் விரிசல். முழங்கால் வரை மாவுக்கட்டுப் போட்டு ஆறு வாரம் என்றார்கள். அவளுக்கு இருபத்தோரு வயது, கல்லூரியில் கடைசி வருடம். கட்டின்மேல் சிநேகிதிகள் படம் வரைந்தார்கள். அவள் கட்டிலில் உட்கார்ந்து படித்தாள், கைப்பேசி பார்த்தாள், என்னை வேலை வாங்கினாள். வீட்டில் யாருக்கும் பயம் என்று எதுவும் இருக்கவில்லை.

ஐந்தாவது வாரம் ஒரு காலை, பரிசோதனைக்குப் போய்விட்டு மாடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கம்பை ஊன்றிக்கொண்டு ஏறினாள். பாதிப் படியில் நின்றுவிட்டாள். "மூச்சு வாங்குதும்மா" என்றாள். நான் மேல்படியில் நின்றபடி, "அஞ்சு வாரமா உட்கார்ந்தே கிடந்தா வாங்கத்தான் செய்யும்" என்றேன். அவளைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

மாலையில் ஷிப்ட் முடிந்து வந்த என் கணவர்தான் அவள் உதடுகள் நீலம் பாரித்திருப்பதைப் பார்த்திருக்கிறார். நான் போய்ச் சேரும்போது அவளை மன்னார்புரம் பக்கம் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தார். காலில் உறைந்த ரத்தக் கட்டி ஒன்று கிளம்பி நுரையீரலில் போய் அடைத்துக்கொண்டிருக்கிறது என்றார் டாக்டர் அம்மா. எட்டு நாள் அங்கே இருந்தோம். காலையிலேயே கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே என்று டாக்டரும் கேட்கவில்லை, கணவரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. ஒருவராவது கேட்டிருந்தால் நான் பதில் சொல்லி அழுதுவிட்டு எழுந்திருப்பேன்.

அங்கேதான் டி-டைமர் என்ற வார்த்தை எங்கள் வீட்டுக்குள் வந்தது. உறைந்த ரத்தம் கரையும்போது உதிரும் துணுக்கு அது. ரத்தத்தில் அது நிறைய இருந்தால் எங்கேயோ கட்டி இருக்கலாம் என்று சந்தேகப்படுவார்கள். முதல் நாள் 4.8. அரைக்குக் கீழே வர வேண்டும் என்றார்கள். பிறகு 2.1. பிறகு 0.9. மே மாதக் கடைசியில், ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மூன்று மாத மாத்திரை முடிந்தபோது, 0.41. நான்கு எண்களையும் என் டயரியில் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதி வைத்தேன். எண்களை மட்டும்.

இதற்கிடையில் அவள் கட்டைப் பிரித்து, பரீட்சை எழுதி, கோயம்புத்தூரில் முதுகலைக்கு இடமும் வாங்கிவிட்டாள். ஹாஸ்டலில் தங்கிப் படிக்க வேண்டும். ஜூலை முதல் திங்கட்கிழமை சேர வேண்டும். மாத்திரையை நிறுத்தி ஒரு மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

"பாயிண்ட் அஞ்சுக்குக் கீழ இருந்தா போ. இல்லைன்னா அடுத்த வருஷம் பார்க்கலாம்."

"எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு" என்றாள். "அப்புறம் பாயிண்ட் நாலுன்னு மாத்துவ."

"மாத்த மாட்டேன்."

"அப்பா, நீங்க சாட்சி."

"என்னை இழுக்காதீங்க" என்றார் அவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

உண்மையைச் சொன்னால் அவள் போகக் கூடாது என்றுதான் நான் நினைத்தேன். ஹாஸ்டலில் அவளுக்கு மூச்சு வாங்கினால் யார் பார்ப்பார்கள். என்னைப்போல ஒருத்தி மேல்படியில் நின்றுகொண்டு, உட்கார்ந்தே கிடந்தால் அப்படித்தான் என்று சொல்லிவிட்டுப் போனால்? அவள் தூங்கும்போது மூச்சை எண்ணும் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. எண்ணி முடித்து, மறுபடியும் எண்ணுவேன்.

மன்னார்புரம் வரை எதற்கு அலைய வேண்டும் என்று இந்தத் தடவை ஸ்ரீரங்கத்திலேயே ஒரு லேப்பில் சொல்லி, வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துப் போனார்கள். மறுநாள் காலை நான் நீரேற்று நிலையத்தில் இருந்தேன். ஆற்றில் தண்ணீர் வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. புதுத் தண்ணீர் கலங்கலாக வரும், கணக்கு தினமும் மாறும். பாயிடம் அப்போதுதான் "மூணு" என்று சொல்லியிருந்தேன். கணவரிடமிருந்து போன் வந்தது.

"ரிப்போர்ட் வாட்ஸ்அப்ல வந்திருக்கு. முன்னூத்தி எண்பத்தாறாம்."

"பாயிண்ட் முன்னூத்தி எண்பத்தாறா?"

"பாயிண்ட் ஒண்ணும் இல்லையே. வெறும் முன்னூத்தி எண்பத்தாறு."

"சரியா பாருங்க."

"பார்த்துட்டுத்தானே சொல்றேன். என்னம்மா, நல்லதா கெட்டதா?"

4.8 இருந்தபோது அவளுக்கு ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். இப்போது அதைப்போல எண்பது மடங்கு. போன மாதம் இருந்ததைப்போல தொள்ளாயிரம் மடங்கு. வகுத்தல் மட்டும் துல்லியமாக வந்தது. எதை எதால் வகுக்கிறேன் என்று நினைக்கத்தான் தோன்றவில்லை. அப்படி ஒரு எண் ஒரு மாதத்தில் வருமா என்றும் தோன்றவில்லை. தண்ணீரில் யாராவது இப்படித் தொள்ளாயிரம் மடங்கு என்று வந்து சொல்லியிருந்தால், போய் மறுபடியும் பார்த்துவிட்டு வா என்று விரட்டியிருப்பேன்.

"உட்காருங்க மேடம்" என்றார் பாய். "முகமே சரியில்ல."

"பாய், நான் வீட்டுக்குப் போறேன். பொண்ணுக்கு..." என்றேன்.

"அல்லாஹ் பாத்துப்பான். வண்டிய வச்சிட்டு ஆட்டோல போங்க. இந்த நிலைமைல ஓட்டாதீங்க." சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்து ஆட்டோ பிடித்தேன்.

வீட்டில் நுழைந்தபோது மகள் ஸ்டூல்மேல் ஏறிப் பரணிலிருந்து பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"கீழ இறங்கு."

"இதோ, வந்துடுச்சு."

"இறங்குன்னு சொல்றேன்ல. மூச்சு வாங்குதா?"

"உன்னைப் பார்த்தாத்தான் வாங்குது."

"நெஞ்சு வலிக்குதா? கால் வீங்கியிருக்கா, காட்டு."

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் என்னைப் பார்த்தார். யாருக்கும் விளக்க எனக்குப் பொறுமை இல்லை. பெட்டியை அப்படியே விட்டுவிட்டு அவளை இறங்கச் சொல்லி, வாசலில் நின்ற அதே ஆட்டோவில் மூன்று பேரும் ஏறினோம். மன்னார்புரம் என்றேன். வேகமாகப் போங்க என்றேன். அவரும் வேகமாகத்தான் போனார், காவிரிப் பாலம் வரை. பாலத்தில் நடுவே ஏதோ லாரி நின்றுபோயிருந்தது. முன்னாலும் பின்னாலும் பஸ்கள். கீழே ஆறு கரைக்குக் கரை ஓடிக்கொண்டிருந்தது. பாலத்துச் சுவரோரம் ஜனங்கள் நின்று தண்ணீரைப் பார்த்தார்கள்.

"எவ்வளவு தண்ணி பாருங்க சார்" என்றார் ஆட்டோக்காரர், என்ஜினை அணைத்துவிட்டு. "அணையில இன்னும் எத்தனை டி.எம்.சி. இருக்காம்?"

என் கணவர் ஏதோ ஒரு எண்ணைச் சொன்னார். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். எனக்கு அந்த இடத்தில் இரண்டு பேரையும் ஆற்றில் தள்ளலாம்போல இருந்தது.

"ம்மா" என்றாள் மகள். "எதுக்குப் போறோம்னு சொல்லு. எனக்குத்தானே வியாதி. எனக்குத் தெரிய வேண்டாமா?"

சொன்னேன். "முன்னூத்தி எண்பத்தாறு வந்திருக்கு."

அவள் முகம் ஒரு நிமிஷம் வெளிறியது. அதைப் பார்த்ததை நான் மறக்க மாட்டேன். பிறகு, "போனைக் குடுங்கப்பா" என்று கையை நீட்டினாள். அவர் கொடுத்தார். திரையில் பரிசோதனையின் பெயரும் அதன் பக்கத்தில் எண்ணும் பெரிதாகத் தெரிந்தன. கண்ணாடி போடாமல் படிப்பதற்காக அவர் இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கி வைத்திருந்தார். மீதி ஓரத்துக்கு வெளியே போயிருந்தது. அவள் விரலால் அதை இடப்பக்கம் தள்ளினாள். பார்த்தாள். போனை என் மடியில் வைத்தாள்.

"நீயே பாரு."

எண்ணை அடுத்து, மில்லிலிட்டருக்கு நானோகிராம் என்று இருந்தது. அதற்கு அடுத்து, ஐந்நூறுக்குக் கீழே என்று இருந்தது.

"பழைய ரிப்போர்ட் எதுல இருந்துச்சு?" என்றாள்.

டயரியில் நான் எழுதியிருக்கவில்லை. ஆனால் நினைவு வந்தது. பழைய காகிதத்தின் ஓரத்தில், நான் ஒருமுறைகூட வாய்விட்டுப் படிக்காத இடத்தில், மைக்ரோகிராம் என்று இருந்தது.

"பேனா இருக்கா?"

கைப்பையில் ஒரு பஸ் டிக்கெட் இருந்தது. அதன் பின்பக்கம் எழுதினேன். ஆயிரம் நானோகிராம் ஒரு மைக்ரோகிராம். கொள்ளளவு இரண்டிலும் மில்லிலிட்டர்தான், மாறவில்லை. ஆகவே 386 என்பது 0.386. அரைக்குக் கீழே. போன மாதத்தைவிடவும் குறைவு. நம்பிக்கை வராமல் மறுபடி போட்டேன். டிக்கெட்டில் இடம் தீர்ந்துபோய் உள்ளங்கையில் மூன்றாவது தடவை போட்டேன். இந்தத் தடவை மேலேயும் கீழேயும் ஆயிரத்தால் பெருக்கினேன், வேறு வழியில் போனாலும் அதே விடை வருகிறதா என்று பார்க்க. மைக்ரோகிராம் மில்லிகிராம் ஆனது, மில்லிலிட்டர் லிட்டர் ஆனது. எண் அசையவில்லை. லிட்டருக்கு 0.386 மில்லிகிராம்.

என் அலகு. இருபத்திரண்டு வருடமாகப் பாயிடம் நான் சொல்லாமல் விட்ட அதே அலகு. மருத்துவமனைக் காகிதத்தில் இருந்ததும் நான் தண்ணீரை அளப்பதும் ஒன்றேதான் என்று நான்கு மாதமாக எனக்குத் தோன்றவே இல்லை.

"தப்பா பார்த்துட்டேன்" என்றேன்.

"நான்தான் ஒழுங்காப் படிக்கல" என்றார் அவர்.

"இல்லங்க. நான்தான் கேட்கல."

"ரெண்டு பேரும் அப்புறம் பங்கு போட்டுக்கங்க" என்றாள் மகள். அவள் குரல் லேசாக உடைந்தது. என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்குத்தானேம்மா, இல்ல வீட்டுக்குத் திருப்பட்டுமா?" என்றார். முன்னாலும் பின்னாலும் பஸ் நிற்கையில் அவர் எப்படித் திருப்புவார் என்று தெரியவில்லை.

"ஆஸ்பத்திரிக்கே போங்க."

லாரியை நகர்த்த இருபது நிமிஷம் ஆனது. அந்த இருபது நிமிஷமும் நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பயத்தில் போடும் கணக்கு இல்லை. நின்றுபோன இயந்திரம் மறுபடி ஓடுகிறதா என்று தட்டிப் பார்ப்பதுபோல. அவள் உடம்பில் ரத்தத்தின் நீர்ப்பகுதி இரண்டரை லிட்டர் இருக்கும். அப்படியானால் அவளிடம் உள்ள அந்தத் துணுக்கு மொத்தமும் சேர்த்தால் ஒரு மில்லிகிராம்கூட நிறையாது. ஒன்றிரண்டு சர்க்கரைக் குருணை. அதே அளவில் எங்கள் தொட்டியில் கலந்தால் 386 கிராம், கால் கிலோவுக்கு மேல், அரைக் கிலோவுக்குக் கீழ். ஒரு டி.எம்.சி. என்பது ஏறக்குறைய இரண்டு கோடியே எண்பத்து மூன்று லட்சம் கன மீட்டர். அதில் கலந்தால் பதினொரு டன். முன்னால் நின்றுபோயிருந்த லாரி நிறைய. லாரி நிறைய என்றாலும் சர்க்கரைக் குருணை என்றாலும் ஆபத்து கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எதில் கலந்திருக்கிறது என்று கேட்காதவரை எந்த எண்ணும் என்னைக் கொன்றுவிடும்.

டாக்டர் அம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார். மகளின் காலை அழுத்திப் பார்த்தார், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார், நடக்கச் சொன்னார்.

"நல்லா இருக்காங்க. ஏன் இவ்வளவு அவசரமா வந்தீங்க?"

மகள் சொல்லிவிட்டாள். ஒன்றும் விடாமல், ஸ்டூலிலிருந்து இறக்கியது வரை.

"நிறைய பேருக்கு இது நடக்கும்" என்றார் டாக்டர். "ஒவ்வொரு லேப்லயும் ஒவ்வொரு மெஷின். ஒண்ணு மைக்ரோகிராம்ல குடுக்கும், ஒண்ணு நானோகிராம்ல. அதுவும் இந்த ஒரு டெஸ்டை வச்சு மட்டும் நான் எதையும் முடிவு பண்ண மாட்டேன். நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

நான் சொல்வதற்குள் மகள் சொன்னாள்: "குடிதண்ணியில எவ்வளவு குளோரின் கலக்கணும்னு கணக்குப் போட்டுச் சொல்றாங்க டாக்டர்."

டாக்டர் அம்மா என்னை ஒரு கணம் பார்த்தார். "எந்த ஏரியாவுக்கு?"

"ஸ்ரீரங்கம் பக்கம்தான்."

"நான் அங்கதான் குடியிருக்கேன்" என்றார். பிறகு அவரே சிரித்துவிட்டார். நாலு மாதத்தில் அந்த அறையில் நான் சிரித்தது அன்றுதான்.

ஹாஸ்டலுக்குப் போகலாம் என்றார். ரயிலில் மணிக்கு ஒருதரம் எழுந்து நடக்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், காலில் வீக்கமோ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும். "உடனே" என்பதை இரண்டு தடவை சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மகள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் படிக்கட்டில் நான் சொன்னதை அவள் மறந்திருப்பாள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

வெளியே வந்து, டீக்கடையில் நிற்கும்போது அவளே பேசினாள்.

"அன்னிக்கு எனக்கே அது சாதாரண மூச்சு வாங்கல்னுதான் தோணுச்சும்மா. நீ சொன்னதுனால இல்ல."

நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கேக்கறியா?"

"கேக்கறேன்."

"பாயிண்ட் மூணு எட்டு ஆறு. சாட்சி இருக்கு."

"தெரியும். போயிட்டு வா" என்றேன். நான் சொன்ன நிபந்தனைதான். அந்த எண் வந்துவிட்டது. பயம் போய்விட்டதா என்றால் இல்லை. ஆனால் பயத்துக்கு அளவு உண்டு என்று அன்று பாலத்தில் தெரிந்துகொண்டிருந்தேன். எதில் கலந்திருக்கிறது என்று கேட்டால் அது கொஞ்சம் சிறுக்கும்.

மறுநாள் பாயிடம் நடந்ததைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அதற்கு அடுத்த நாள் காலை,

"இன்னிக்கு எவ்வளவு மேடம்?"

"மூணு."

"மூணு என்ன மேடம்? கிலோவா, மூட்டையா, லாரியா?"

இப்போதெல்லாம் தினமும் கேட்கிறார். நானும் முழுசாகச் சொல்கிறேன், லிட்டருக்கு மூன்று மில்லிகிராம் என்று. அவர் அதைப் பலகையில் முழுசாக எழுதுகிறார். சோதனைக்குப் போகும் பெண் மட்டும் இன்னும் பாயிண்ட் டூ என்றுதான் சொல்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் அப்பாவோடு ரயிலேறினாள். எனக்கு அன்று டியூட்டி. ஸ்டேஷன் வரை போய் ஏற்றிவிட்டு, ரயில் நகர்ந்ததும் வேலைக்குத் திரும்பினேன். மணிக்கு ஒருதரம், நடந்தாச்சு, என்று அவளிடமிருந்து மெசேஜ் வந்தது. ஐந்து தடவை வந்தது. பிறகு நின்றுவிட்டது. ஹாஸ்டலில் சேர்ந்திருப்பார்கள், கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது போன் ஒலித்தது. அவளிடமிருந்து ஒரே ஒரு எண்.

"3"

இடது கையால் தட்டினேன். "3 என்ன?"

கொஞ்ச நேரம் பதில் வரவில்லை. அவள் வேண்டுமென்றேதான் காக்க வைத்தாள் என்று பிறகு தெரிந்தது.

"மாடி. என் ரூம் மூணாவது மாடில. நிக்காம ஏறினேன். மூச்சு வாங்கல."

கை கழுவிவிட்டு வந்து டயரியை எடுத்தேன். 4.8, 2.1, 0.9, 0.41. அதன்கீழே 386, பக்கத்தில் நானோகிராம், மில்லிலிட்டருக்கு. அதற்கும் கீழே எழுதினேன்: மூன்று மாடி.